எட்டு ஜன்னல் வீடும் ஒரு தொட்டி மனையும்

வங்கிக்காரனுக்கு வீடு என்பது முதலில் ஒரு காகிதக் கட்டு. தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, கந்தாய (வரி) ரசீது, கத்தா (சொத்துப் பதிவேட்டு) நகல். இவற்றை வக்கீலுக்கு அனுப்புவோம். அவர் வீட்டுப் பக்கமே போகாமல் உரிமைத் தொடர் சரியாக இருக்கிறது என்று எழுதித் தருவார். மதிப்பீட்டு என்ஜினீயர் தனியாகப் போவார். அவர் பத்திரத்தைப் புரட்டாமலே சதுர அடியை அளந்து, கட்டடத்தின் வயதைக் கழித்து, ஒரு தொகையைப் போடுவார். வக்கீலும் என்ஜினீயரும் ஒருவரையொருவர் பார்த்தது கிடையாது. அவர்களுடைய அறிக்கைகள் மட்டும் ஒரே கோப்பில் ஒரே நாடாவால் கட்டப்பட்டுக் கிடக்கும்.

எண்பதுகளில் மாற்றலாகி மைசூருக்கு வந்து கடன் பிரிவில் உட்கார்ந்த எனக்கு, இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது நஞ்சன்கூட்டுக்கு அப்பால் கபிலா நதி ஓரமாக இருந்த ஒரு கிராமத்து வீடு. அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டதால்தான் பிற்பாடு யாதவகிரியில் ஆர்.கே. நாராயணின் வீட்டையும் வாசகனாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. யார் கட்டியது, எந்தப் பணத்தில், யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்தச் சுவர் எப்போது வந்தது என்றுதான் கண் போனது.

கிராமத்து வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். கடன் கேட்டு வந்தவர் ஐம்பதைத் தாண்டிய விவசாயி. வெற்றிலைக் காவி ஏறிய பல், சட்டைப் பையில் மடித்து வைத்த ரசீதுகள். வயலுக்கு வேண்டிய காகிதம் எல்லாம் அவரிடம் இருந்தது. சர்வே எண், பரப்பு, தீர்வை, பயிர், சாகுபடி செய்பவர் பெயர் எல்லாவற்றையும் ஒரே தாளில் காட்டும் பஹணி, ஆண்டுவாரியாக இருந்தது. வீட்டுக்குத்தான் எதுவும் இல்லை. காரணம் அவருடைய அசிரத்தை அல்ல. நம் ஊரில் நத்தம் என்கிறோமே, அதைக் கர்நாடகத்தில் கிராமடாணா என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சர்வே நிலத்துக்குத் தீர்வை போடத்தான் சங்கிலி பிடித்தது. வீடுகள் நெருக்கி நிற்கும் இடத்துக்குத் தீர்வை கிடையாது, ஆகையால் மொத்த ஊரையும் ஒரு கோட்டுக்குள் அடைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். வயலுக்கு எண் உண்டு, வயல்காரன் தூங்கும் இடத்துக்கு எண் இல்லை. பிற்காலத்தில் 'பூமி' திட்டத்தில் கர்நாடக அரசு ஏறக்குறைய 2 கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றியது. நாடே பாராட்டிய வேலை அது. அதிலும் இந்த வீடுகள் வரவில்லை.

ஆக, அவரிடம் இருந்தது பஞ்சாயத்துக்குக் கந்தாயம் கட்டிய சில ரசீதுகளும் ஒரு பாகப் பத்திரமும்தான். பாலுபட்டி என்பார்கள் அங்கே. கன்னடத்தில் ஷானுபோகர் கையெழுத்து. நம் கர்ணத்துக்கு அங்கே ஷானுபோகர் என்று பெயர். கொக்கியும் சுழியுமாக, மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாக ஓடும் எழுத்து. என் கன்னடம் அப்போது பஸ் பலகை படிக்கிற அளவுதான். ஆபீஸில் ஒரு பெரியவர் உட்கார்ந்து படித்துச் சொன்னார். வீடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பாதிப் பாதி. கிழக்குப் பாதி மூத்தவருக்கு, மேற்குப் பாதி இளையவருக்கு. சக்குபந்தி, அதாவது நான்கு எல்லைகளும், எழுதியிருந்தது. மூத்தவர் பாதிக்கு மேற்கு எல்லையாக 'தொட்டியின் நடுக் கம்பம்' என்று இருந்தது. அந்தக் கம்பம் இருவருக்கும் பொது.

ஒரு மரத்தூணை எல்லைக்கல்லாகக் கொண்ட சொத்தை நான் அதுவரை கண்டதில்லை. நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். உள்ளூர் ஆச்சாரி ஒருவரை விண்ணப்பதாரரே கூட்டி வந்தார். மதிப்பீட்டுக்கு மரத்தின் விலை தெரிய வேண்டுமே என்ற கணக்கில்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. இரண்டடி கனத்தில் மண்சுவர், சுண்ணாம்புப் பூச்சு, தெருவை ஒட்டி நீளமாக ஒரு ஜகலி. நம் திண்ணைதான். குனிந்துதான் நுழைய வேண்டிய வாசல். நிலைப்படி மட்டும் அந்தச் சுவருக்குப் பொருந்தாத பெருமையோடு, ஒரு கை அகலத்துக்குப் பூவும் கொடியும் செதுக்கி நின்றது. உள்ளே நுழைந்து படசாலை என்கிற முன்கூடத்தைத் தாண்டினால் தொட்டி. நாலு பக்கமும் தாழ்வாரம், நடுவில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிய கல் பாவிய முற்றம், மேலே திறந்த வானம். கூரை நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிந்து மழையைத் தொட்டியில் கொட்டும். மூலையில் ஒரு துவாரம் வழியாகத் தண்ணீர் வெளியேறும். தஞ்சாவூர்ப் பக்கத்து அக்கிரகார வீட்டில் வளர்ந்த எனக்கு இதில் புதுமை இல்லை. ஆனால் நம் வீடுகள் தெருவிலிருந்து கொல்லை வரை ரயில் பெட்டிபோல் நீண்டுகொண்டே போகும், முற்றம் வழியில் ஒரு நிறுத்தம் மாதிரி. இங்கே தொட்டிதான் வீடு. அறைகள் எல்லாம் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அடுப்படி, பூஜை, பிரசவ அறை, மாடு கட்டும் இடம் என எதிலிருந்து எதற்குப் போவதானாலும் தொட்டியைக் கடந்தாக வேண்டும்.

அந்தத் தொட்டியின் நடுவே ஆளுயரத்துக்கு மேல் ஒரு செங்கல் சுவர் போய்க்கொண்டிருந்தது.

சுவர் நேராக இல்லை. தெற்குத் தாழ்வாரத்தில் ஒரு பலாமரத் தூணை நோக்கி வந்து, அதை விழுங்கி, மறுபக்கம் போயிருந்தது. தூணின் பாதி வட்டம் இந்த வீட்டில், பாதி வட்டம் அந்த வீட்டில். மேலே போதிகையில் இரண்டு கிளிகள் எதிரெதிராகச் செதுக்கப்பட்டிருந்தன. மூத்தவருக்கு ஒரு கிளி, இளையவருக்கு ஒரு கிளி. பத்திரத்தில் 'நடுக் கம்பம் பொது' என்று எழுதியவர் நகைச்சுவைக்காக எழுதவில்லை. உத்திரத்தின் முழுப் பாரமும் அந்தத் தூண்மேல்தான். யார் எடுத்தாலும் இரண்டு பேர் தலையிலும் கூரை விழும்.

ஆச்சாரி பேசத் தொடங்கியபோதுதான் வீடு எனக்குத் திறந்தது. மேலே பார்க்கச் சொன்னார். கிழக்குப் பாதியில் கைமரங்களில் கெட்டியான கரி ஏறியிருந்தது, விரலால் சுரண்டினால் மெழுகுபோல் வந்தது. "இது தாத்தா காலத்து அடுப்பு ஸ்வாமி" என்றார். மேற்குப் பாதியின் சமையலறையில் கரி இருந்தது, ஆனால் மெல்லியது, அடியில் மரத்தின் நிறம் தெரிந்தது. பாகம் பிரிந்தபோது மாட்டுக் கொட்டகையைச் சமையலறையாக மாற்றியிருக்கிறார்கள். இளையவர் வீட்டு வாசல் நிலை உள்ளறையிலிருந்து பெயர்த்து வந்தது. செதுக்கல் உட்பக்கம் இருந்தது, தெருவுக்கு முதுகைக் காட்டியது. ஓட்டிலும் அப்படித்தான். தொட்டியைச் சுற்றி நாட்டு ஓடு. முன்கூரையில் மட்டும் மங்களூர் ஓடு. ஒன்றை எடுத்துப் புரட்டிக் காட்டினார். பாசல் மிஷன் முத்திரை தெரிந்தது. அந்த ஜெர்மன்-சுவிஸ் மிஷன்காரர்கள் 1860களில் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். முதல் உலகப் போரில் எதிரிச் சொத்து என்று கைப்பற்றப்பட்டு, பிறகு தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனிக்குப் போயின. பழைய முத்திரை உள்ள ஓடு என்றால் அந்தப் போருக்கு முந்திய சரக்கு. ஊரில் இன்னும் நாட்டு ஓடு வேய்ந்துகொண்டிருந்த காலத்தில் மங்களூரிலிருந்து வண்டி கட்டி ஓடு இறக்கியவர் கையில் காசு புரண்டிருக்க வேண்டும்.

புரண்டது. அது ஜோடி கிராமம். ஜோடிதார் என்றால் அரசுக்குப் பேருக்கு ஒரு சிறு தொகை கட்டிவிட்டு முழு ஊரின் வாரத்தையும் வாங்கி அனுபவிக்கிற இனாம்தார். வீட்டு முன்முற்றத்தில் மூன்று ஹகேவு இருந்தன. நிலத்துக்கடியில் குடம்போல வெட்டி, வாயைக் கல்லால் மூடி, கேழ்வரகைக் கொட்டி வைக்கும் குழி. வருஷக்கணக்கில் கெடாது. திறந்தவுடன் இறங்கக்கூடாது, உள்ளே சேர்ந்திருக்கும் கெட்ட காற்று ஆளைக் கொன்றுவிடும் என்று முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்களாம். மூன்று ஹகேவு நிறைகிற வீடு என்றால் வயலில் இறங்காமலே நிறைந்த வீடு.

1954இல் மைசூர் அரசு இனாம் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. பாகப் பத்திரத்தின் தேதி அதற்குச் சில வருஷம் பின்னால். முன்பும் பிணக்கு இருந்திருக்கலாம், ஆனால் வாரம் வந்துகொண்டிருந்தவரை ஒரே அடுப்பு எரிந்தது. வருமானம் நின்றதும் சுவர் வந்தது. பிறகு 1974இல், இதே மைசூர் மாவட்டத்து ஹுணசூர்க்காரரான தேவராஜ் அரஸ் முதல்வராக இருந்தபோது, நிலச் சீர்திருத்தச் சட்டம் கடுமையாகத் திருத்தப்பட்டு, குத்தகைக்கு விட்டிருந்த மிச்ச நிலமும் உழுதவர்களிடம் போனது. நியாயமான சட்டம், சந்தேகமே இல்லை. கடன் கேட்டு வந்தவருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் தாத்தா இறங்காத வயலில் அவர் இறங்கி உழுதுகொண்டிருந்தார். ஆனால் அத்தனை பெரிய கூரைக்கு வருஷா வருஷம் ஓடு மாற்ற அவரால் முடியவில்லை. தன் பாதியை இடித்துவிட்டு காங்கிரீட் வீடு கட்டத்தான் கடன் கேட்டார்.

கடன் கொடுத்தோம். அவருக்கு வந்திருந்த மூத்தவர் பாதி இறங்கியது. தூண்களையும் கதவுகளையும் பெங்களூரிலிருந்து வந்த வியாபாரி லாரியில் ஏற்றிப் போனார். காரைக்குடியில் செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள் கடை வாசலில் சாய்த்து வைத்து விற்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு அவை எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் போனால் கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடும் சிக்மகளூர் வீடும் பிரித்து எடுத்து வந்து திருப்பிக் கட்டப்பட்டிருக்கின்றன. அப்படி அதிர்ஷ்டம் வாய்த்தவை கைவிட்டு எண்ணக்கூடியவை. எங்கள் தொட்டி மனையில் நடுக் கம்பத்தை மட்டும் யாரும் தொடவில்லை, பத்திரம் விடவில்லை. புதுக் காங்கிரீட் வீட்டின் பக்கச் சுவரிலிருந்து ஒரு பலாமரத் தூணின் அரை வட்டமும் ஒரு கிளியும் இன்றைக்கும் துருத்திக்கொண்டு நிற்கின்றன.

நாராயண் வீட்டுக்கு வருகிறேன். மைசூரில் வசித்த தமிழர்கள் எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். யாதவகிரி, விவேகானந்தா சாலை. ஆகாசவாணி நிலையமும் அந்தப் பக்கம்தான். மனோதத்துவப் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935இல் தன் வீட்டிலிருந்தே வானொலி நடத்திய ஊர் இது. ஆகாசவாணி என்ற பெயர் அவருடைய நிலையத்திலிருந்துதான் நாடெங்கும் போனது. நான் அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் அந்த வெள்ளை மாடி வீட்டைப் பார்த்துக்கொண்டே போவேன். முன்பக்கம் அரைவட்டமாகப் பிதுங்கி, இரண்டு தளத்துக்கும் நீளும் ஒரு மூலை. அந்தக் காலத்து பங்களாக்களின் கம்பீரம் அதில் கிடையாது. உத்தியோகஸ்தர் சிக்கனமாகக் கட்டிய வீடு என்றுதான் தோன்றும், அந்த ஒரு வளைவைத் தவிர.

நாராயண் பிறந்தது 1906இல் சென்னையில். வளர்ந்தது புரசைவாக்கத்தில் பாட்டியிடம். அப்பா மைசூரில் மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். குடும்பம் லட்சுமிபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தது. 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' 1935இல் வந்தது, மனைவி ராஜம் 1939இல் டைபாய்டில் போய்விட்டார். இதெல்லாம் பலரும் எழுதியாகிவிட்டது. வீட்டுக்காரனாக அவரை யாரும் அவ்வளவாகப் பார்த்ததில்லை. 1947இல் ஜெமினிக்காக அவர் கதை எழுதிய 'மிஸ் மாலினி' வந்தது. வெளிநாட்டில் நாவல்கள் விற்கத் தொடங்கியிருந்தன. 1948இல் ஊருக்கு வெளியே மேடான யாதவகிரியில் வீட்டு வேலையைத் தொடங்கினார். முடிய 1953 ஆயிற்று. ஐந்து வருஷம். சுதந்திரத்தை ஒட்டிய அந்த ஆண்டுகளில் சிமென்ட்டும் இரும்பும் கட்டுப்பாட்டில் இருந்தன. வீடு கட்டியவர்கள் எல்லோருமே பர்மிட்டுக்காக அலைந்த காலம்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது அதற்கு நடுவில் வந்த புத்தகம். வீடு எழும்பிக்கொண்டிருந்த 1952இல் அவர் வெளியிட்டது 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்'. கூட்டுறவு நில அடமான வங்கியின் எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து, கிராமத்துக்காரர்களுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்துப் பிழைக்கும் மார்கய்யாவின் கதை. அதைப் படித்தபோது எங்கள் கிளை வாசலில் அதே மாதிரி உட்கார்ந்திருந்த ஆசாமிதான் நினைவுக்கு வந்தார். நில அடமானம், வட்டி, ஜாமீன், கையெழுத்து என்று நாங்கள் நாள் முழுக்கப் புரட்டும் சமாசாரத்தை இத்தனை கச்சிதமாக எழுத நாராயணுக்கு வங்கி வேலை தேவைப்படவில்லை. வீடு கட்டிப் பார்ப்பது போதும். 1961இல் வந்த 'தி மேன் ஈட்டர் ஆஃப் மால்குடி'யில் அச்சகக்காரர் நடராஜின் பரணில் வாடகை கொடுக்காமல் வந்து குடியேறும் வாசு, கடைசியில் வீட்டுக்காரர் மேலேயே வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் புகார் கொடுக்கிறான். சொந்த வீடு கட்டி முடித்து எட்டு வருஷம் ஆன மனிதர் எழுதியது அது.

அந்த வளைவான மூலை அவர் தனக்காகவே கேட்டு வாங்கியது. மாடியில் எழுதுவதற்கு ஒரு சிறு அறை, அதற்கு எட்டு ஜன்னல்கள். தன் நினைவு நூலான 'மை டேஸ்'ஸில் (1974) அந்த ஜன்னல்களிலிருந்து என்னென்ன தெரியும் என்று எழுதியிருக்கிறார். தெற்கே சாமுண்டி மலைக் கோயில். கிழக்கே நகரத்தின் கோபுரங்களும் குவிமாடங்களும். சுற்றிலும் மேய்ச்சல் நிலத்தில் ஆடு மாடுகள். சரிவில் குறுக்கே போகும் ரயில். அதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இது சக்குபந்தி என்றுதான். பத்திரத்தில் கிழக்கே இன்னார் மனை, மேற்கே சாலை என்று இருந்திருக்கும். அவர் தன் சொத்துக்கு எழுதிக்கொண்ட எல்லை மலையும் கோபுரமும் ரயிலுமாக இருந்தது. வீட்டை அவர் ஜன்னலிலிருந்து பின்னோக்கித் திட்டமிட்டிருக்கிறார். மற்ற அறைகளெல்லாம் அந்த ஒரு அறையைத் தாங்குவதற்காகக் கீழே வந்து நின்றவை. வீடு முடிந்த பிறகும் குடும்பம் சில காலம் லட்சுமிபுரத்திலேயே இருக்க, இவர் யாதவகிரிக்கு வந்து எழுதிவிட்டுப் போனார் என்பது இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. அத்தனை ஆசையாக ஜன்னல் வைத்துவிட்டு, காட்சி கவனத்தைக் கலைக்கிறது என்று பிறகு திரைபோட்டு மறைத்துக்கொண்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். கட்டட என்ஜினீயர் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

உரிமைத் தொடர் நீளமில்லை. அவரே கட்டியவர், எனவே அவரே முதல் பெயர். நெடுங்காலம் அங்கே வாழ்ந்துவிட்டுச் சென்னைக்குப் போனார். மகள் 1994இல் காலமானார். 2001 மே 13 அன்று நாராயணும் சென்னையில் மறைந்தார். வீடு வாரிசுகளுக்குப் போய், அவர்களிடமிருந்து கட்டுமானக்காரர் கைக்குப் போனது. சட்டப்படி ஒரு குறையும் இல்லாத கைமாற்றம். வக்கீல் ஒரே மூச்சில் 'சரி' என்று எழுதித் தரக்கூடிய கோப்பு. 2011 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது. கொஞ்சம் இடிந்த பிறகுதான் பத்திரிகையில் செய்தி வந்தது. ஊர் விழித்துக்கொண்டது, மாநகராட்சி தடுத்தது, வீடு பாரம்பரியக் கட்டடம் ஆயிற்று. கடைசியில் சுமார் 2.4 கோடி ரூபாய் கொடுத்து அரசுத் தரப்பில் வாங்கினார்கள்.

நடுவில் ஒரு சண்டையும் உண்டு. நாராயண் தமிழர், ஆங்கிலத்தில் எழுதினார், கன்னடத்துக்கு என்ன செய்தார், அவர் வீட்டுக்கு எதற்கு மக்கள் பணம் என்று கன்னட எழுத்தாளர்கள் சிலர் கேட்டார்கள். மைசூரில் தமிழனாக இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்வது சங்கடமான காரியம். என்றாலும் சொல்கிறேன். அந்தக் கேள்வியில் ஒரு பாதி நியாயம். கன்னட எழுத்தாளர்கள் பலர் வாழ்ந்த வீடுகள் இதே ஊரில் கேட்பாரில்லாமல் கிடக்கும்போது அந்தக் கோபம் வரத்தான் செய்யும். அதற்கு விடை இதையும் இடிப்பது அல்ல, அவற்றையும் வாங்குவது. மற்ற பாதி எனக்கு ஒப்புதல் இல்லை. மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்த காலத்தில் சமஸ்தானம் முழுக்கச் சுற்றி 'மைசூர்' என்று 1939இல் புத்தகம் எழுதியவர் அவர். 1977இல் கர்நாடக அரசுக்காக 'தி எமரால்ட் ரூட்' எழுதினார், தம்பி லட்சுமணன் அதற்குப் படம் போட்டார். தன் ஊரை உலகம் முழுக்க நடக்க வைத்தவரிடம் என்ன மொழியில் என்று கேட்கலாம். எதையுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது.

2016 ஜூலையில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு மனைவியோடு போனேன். கோட்டு, சட்டை, மூக்குக்கண்ணாடி, விருதுகள், புகைப்படங்கள், புத்தகங்கள். உடைந்த இடங்களைப் பூசி முழு வீட்டுக்கும் வெள்ளையடித்திருக்கிறார்கள். ஒரு பொருளைக் காப்பாற்றுவதற்கும் புதிதாக்குவதற்கும் நடுவே உள்ள கோடு அரசுக் கட்டடங்களில் கொஞ்சம் அழிந்துதான் போகும். என் ஆச்சாரி கூட வந்திருந்தால் எந்தப் பூச்சு பழையது, எந்தச் சட்டம் புதிது என்று தட்டிப் பார்த்தே சொல்லியிருப்பார். நான் சுவரைத் தட்டியதை மனைவி கண்டித்தாள். மாடி ஏறி அந்த எட்டு ஜன்னல் அறையில் நின்றேன். வெளிச்சம் இன்றைக்கும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. காட்சி மட்டும் இல்லை. மேய்ச்சல் நிலம் போய் மாடிகள் வந்துவிட்டன. 2.4 கோடிக்கு நாலு சுவருக்குள் இருப்பதைத்தான் வாங்க முடியும், சாமுண்டி மலை வரைக்கும் கிரயம் பேச முடியாது.

ஒரு விசித்திரம். மால்குடி வீடு எது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், யாதவகிரி என்று சொல்லமாட்டார்கள். 1986இல் சங்கர் நாக் எடுத்த 'மால்குடி டேஸ்' தொடரில் சுவாமி ஓடி விளையாடிய வீட்டைத்தான் சொல்வார்கள். அது ஷிமோகா மாவட்டத்து ஆகும்பேயில் இருக்கிறது, தொட்ட மனை என்று பெயர். பெரிய வீடு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மலைநாட்டுத் தொட்டி மனை. அங்கேயும் போயிருக்கிறேன். மழைக் காலத்தில் ஆகும்பேயில் மழை பெய்வதில்லை, கொட்டுகிறது. அதற்கேற்றாற்போல் கூரை செங்குத்தாகச் சரிந்து, தாழ்வாரம் ஆள் தலைக்குக் கிட்டே வரை இறங்கியிருக்கிறது. தூண்கள் நஞ்சன்கூட்டுப் பக்கத்துத் தூண்களைவிடப் பருமன், காடு பக்கத்தில் இருக்கிறதே. வந்தவர்களுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்து, இவ்வளவு கொடு என்று கேட்காத வீடு என்று பெயர் வாங்கியது. அங்கே நிற்கும்போது எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: இந்த வீட்டைக் காப்பாற்ற அறிவிக்கையும் வேண்டியிருக்கவில்லை, நஷ்டஈடும் வேண்டியிருக்கவில்லை. சொந்தக்காரர்கள் அதில் சமைத்துக்கொண்டும் ஓடு மாற்றிக்கொண்டும் இருந்தார்கள். நகரத்தில் அரசே வைத்திருந்த கட்டடங்களின் கதியைப் பாருங்கள். 2012இல் மைசூர் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து நாலு உயிர் போனது. 2016இல் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி விழுந்தது. இரண்டும் பாரம்பரியக் கட்டடங்கள்தான்.

போன வருஷம் அந்தத் தொட்டி மனைக்காரரின் பேரன் என்னைத் தேடி வந்தான். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. இப்போது கிராமடாணா வீடுகளுக்கும் காகிதம் வந்துவிட்டது. கர்நாடகத்தில் இ-ஸ்வத்து என்ற ஏற்பாட்டில் பஞ்சாயத்து படிவம் 9, படிவம் 11 கொடுக்கிறது. 2020இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் ட்ரோன் பறக்கவிட்டு ஊருக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டையும் அளக்கிறார்கள். தாத்தா வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், பழைய பாலுபட்டி நகல் உங்கள் வங்கிக் கோப்பில் இருக்குமா என்று கேட்டான். கோப்பு எப்போதோ போயிருக்கும். என்னிடம் அன்றைக்குக் கையால் வரைந்து வைத்த தரைப்படம் ஒன்று இருந்தது, டைரிக்குள். அதைக் கொடுத்தேன்.

சிக்கல் தூணில் வந்து நிற்கிறது. ட்ரோனுக்குக் கூரைதான் தெரியும், காங்கிரீட் கூரை எங்கே முடிகிறதோ அங்கே எல்லை என்று கோடு போட்டிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நடுக் கம்பம் முழுதாக மேற்குப் பாதிக்குப் போகிறது. பத்திரப்படி பாதி இவனுடையது. மேற்குப் பாதியில் இப்போது யாரும் இல்லை, பூட்டுப் போட்டு வருஷங்கள் ஆகின்றன, ஓடு சரிந்து தொட்டியில் எருக்கு முளைத்திருக்கிறது. அதன் வாரிசுகள் இரண்டு பேர் மும்பையில், ஒருவர் எங்கே என்று தெரியவில்லை. பஞ்சாயத்து அபிவிருத்தி அதிகாரி எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வந்தால் திருத்துகிறேன் என்கிறார்.

"அங்கிள், ஒரு தூண்தானே, விட்டுடலாமா?" என்று பேரன் கேட்டான். விடாதே என்றேன். அந்த வாசகம் இருக்கிறவரை மேற்குப் பாதியை வாங்க வருகிற எவரும் இவனைக் கேட்காமல் கூரையைப் பிரிக்க முடியாது. மும்பை முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறோம். ஒன்றுக்கு ஒப்புகை வந்துவிட்டது.